ஏட்டும் மீன்கார ஆயாவும்: எங்கள் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிப் பேசியே ஆரம்பித்த படம் இது. நாங்கள் ஏழு பேர். அதில் இருவருக்குத்தான் சினிமாவில் வேலை பார்த்த அனுபவம் உண்டு. மற்றவர்கள் கல்யாண வீடியோ, செல்போன் கடை, பள்ளிக்கூட வாத்தியார் என்று ஆளுக்கொரு பிழைப்பில் இருப்பவர்கள். 52 நிமிடப் படம். தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டியதிலிருந்து அதே கேள்விகள் வாட்ஸ்அப்பிலும் நேரிலும் சுற்றிச் சுற்றி வருகின்றன. கதை வசனம் என்னுடையது என்பதால் பதில் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. படத்தின் முடிச்சு அவிழும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கதை என்ன, சுருக்கமாக?

தேவனாம்பட்டினத்துக் கரையில் நின்ற ஃபைபர் படகிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். படகு ஒரு மீன்கார ஆயாவின் பேரனுடையது. கடன் ஆயாவின் பேரில். அதே ராத்திரி, எல்லைச் சாவடியில் இருந்த ஒரு புதுச்சேரி ஏட்டு, தார்ப்பாய் போட்ட குட்டியானைச் சரக்கு வண்டி ஒன்றைச் சோதிக்காமலே விட்டுவிடுகிறார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, தூக்கம். ஆயாவுக்கு எஞ்சின் வேண்டும். ஏட்டுக்குத் தான் தூங்கியது வெளியே தெரியக்கூடாது. இந்த இரண்டு சுயநலமும் சேர்ந்து துப்பறியக் கிளம்புகின்றன. இதில் ஏட்டுக்கு மீன் வாடையே ஆகாது.

பொருத்தமில்லாத இருவர் சேர்ந்து துப்பறிவது ரொம்பப் பழைய சமாச்சாரம் இல்லையா?

ஆமாம். அகிரா குரோசாவா 1949இல் எடுத்த 'ஸ்ட்ரே டாக்' படத்தில் துப்பாக்கியைப் பறிகொடுத்த இளம் போலீஸ்காரனும் அனுபவசாலியான மூத்தவரும் டோக்கியோ வெயிலில் அலைவார்கள். 1982இல் வந்த '48 ஹவர்ஸ்' படத்தில் ஒரு போலீஸ்காரர் சிறையிலிருந்து கைதி ஒருவனை இரண்டு நாளைக்கு வெளியே எடுத்துவந்து கூடவே வைத்துக்கொண்டு குற்றவாளியைத் தேடுவார். ஹாலிவுட்டில் இந்த வகைக்குப் பெரிய வாசலைத் திறந்தது அந்தப் படம் என்று சொல்வார்கள். 1998இல் 'ரஷ் ஹவர்' வந்தபோது ஹாங்காங் அதிகாரியாக ஜாக்கி சானையும் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸாக கிறிஸ் டக்கரையும் ஒரே காரில் ஏற்றினார்கள். பாதிச் சிரிப்பு ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் பிடிபடாததில் வந்தது.

நமக்கு இது கடன் வாங்கிய சரக்கும் அல்ல. எழுத்தாளர் சுஜாதாவின் வக்கீல் ஜோடி கணேஷ் - வசந்த் இருவரையும் படித்து வளர்ந்த வீடுகள் எத்தனை! கேஸை மறந்துவிட்டு, வசந்த் அடித்த ஜோக்கை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர் உண்டு. வழக்கு போய்விடும், கூட்டு நிற்கும். எங்கள் எஞ்சினும் அப்படித்தான். அது கிடைத்ததா என்று கேட்பவர்களைவிட, ஆயா கடைசியில் ஏட்டை என்ன சொல்லித் திட்டினார் என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

ஏன் கடலூர் - புதுச்சேரி? சென்னையில் எடுத்திருந்தால் இன்னும் பெரிதாகப் போயிருக்குமே?

சண்டைக்காரர்கள் இருவரைச் சேர்த்துவைக்க வேண்டும் என்றால் அவர்களுக்கு நடுவே ஒரு கோடு வேண்டும். எங்கள் ஊரில் அந்தக் கோடு ஏற்கெனவே போட்டுக் கிடக்கிறது. அதுவும் நேர்க்கோடு இல்லை. குழந்தை கிறுக்கிய மாதிரி.

கடலூரிலிருந்து ஆல்பேட்டை தாண்டி, தென்பெண்ணைப் பாலம் தாண்டி, முள்ளோடைக்குப் போனால் புதுச்சேரி வந்துவிடும். சரி, அது தெரிந்த கதை. வடக்கே பாருங்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் கோட்டக்குப்பம். அது விழுப்புரம் மாவட்டம். இன்னும் கொஞ்சம் போனால் காலாப்பட்டு. அது மறுபடி புதுச்சேரி. அதையும் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. காலாப்பட்டில் இருக்கிற பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகிற பையன் தினமும் காலையில் மாநிலம் விட்டு மாநிலம் போய், திரும்ப சொந்த ஊருக்குள் நுழைகிறான். மேற்கே பாகூர், மண்ணாடிப்பட்டுப் பக்கம் இன்னும் வேடிக்கை. வயல் ஒரு பக்கம், களத்துமேடு இன்னொரு பக்கம் என்று கிடக்கும். துரத்தல் காட்சி ஒன்றில் குட்டியானை பத்து பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் மூன்று தடவை எல்லை தாண்டும். பின்னால் போகிற ஏட்டு ஒவ்வொரு தடவையும் தொப்பியைக் கழற்றுவார், மாட்டுவார், கழற்றுவார். அந்தக் காட்சியை நான் எழுதவே இல்லை, வரைபடம் எழுதிக் கொடுத்தது.

கடலூர்ப் பக்கம் எல்லை போட்ட கதையும் சும்மா இல்லை. 1690இல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எதுவரை போகுமோ அதுவரை உள்ள நிலமும் சேர்த்து என்று பேச்சு. சுட்டார்கள். குண்டு போன தூரம் வரை இருந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. கோட்டைதான் பிறகு செயின்ட் டேவிட் கோட்டை. படத்தில் ஆயா இதைத் தன் பாணியில் சொல்வார்: "வெள்ளக்காரன் குண்டு போட்டு எல்லை புடிச்சான், நீ சாக்பீஸ்ல கோடு போட்டுக்கினு நிக்கிற."

இரண்டு போலீஸ், இரண்டு சட்டமன்றம், பிஒய் 01 என்றும் டிஎன் 31 என்றும் இரண்டு நம்பர் பிளேட். ஆனால் உயர்நீதிமன்றம் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சென்னையில் ஒன்றே. அடித்துக்கொண்டு போனாலும் ஒரே வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

பெண்ணைப் பாலத்தில் வண்டி நிற்கும் காட்சி நிஜமாக நடந்ததா?

இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கேட்கவே வேண்டியதில்லை. புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு. கடலூர்க்காரர்கள் பலரும் "முள்ளோடையில போட்டுக்கலாம்" என்று ரிசர்வில் ஓட்டிக்கொண்டு போவார்கள். நானும் பெண்ணைப் பாலத்தில் வண்டியைத் தள்ளியிருக்கிறேன், அதுவும் மே மாத வெயிலில். படத்தில் ஏட்டு அந்தக் கொள்கையில் உறுதியானவர். கண்ணெதிரே திருட்டு எஞ்சின் போகிறது, கடலூரில் பங்க் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனாலும் அவர் போடமாட்டார். பாலத்தின் நடுவில் வண்டி உறுமி நிற்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆயா அரை நிமிடம் ஒன்றுமே பேசமாட்டார். எங்கள் படத்திலேயே அதிகம் சிரித்த இடம் அந்த அரை நிமிடம்தான். எடிட்டர் அதை வெட்டச் சொன்னார். நல்லவேளை.

சிலைக் கடத்தல், போதைப்பொருள் எல்லாம் விட்டுவிட்டு ஏன் ஒரு படகு எஞ்சின்?

ஐம்பொன் சிலை என்றால் அமைச்சர் வருவார், சர்வதேச கும்பல் வரும், ஹெலிகாப்டர் வரும். எங்களிடம் ஹெலிகாப்டர் இல்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, பெரிய குற்றம் என்றால் பெரிய போலீஸ் வந்துவிடும். அப்புறம் ஏட்டும் ஆயாவும் எதற்கு? யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத குற்றமாக இருந்தால்தான் இந்த மாதிரி இருவர் தெருவில் இறங்க நியாயம் கிடைக்கிறது.

எஞ்சின் சின்னப் பொருளும் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிடும். ஃபைபர் படகுக்காரர்கள் கரையோரமாகப் போய்ப் பிடித்து வருகிற மீனுக்கு அப்போதுதான் நல்ல விலை. அந்த இரண்டு மாதத்தில் எஞ்சின் போனால் வருஷத்துச் சம்பாத்தியத்தில் நல்ல பங்கு போன மாதிரி. ஆயாவின் ஆவேசத்துக்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

(இனி வருவது முடிச்சு. படம் பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவவும்.) தடைக்காலத்தில்தான் விசைப்படகுக்காரர்கள் எஞ்சினைக் கழற்றி சர்வீசுக்கு அனுப்புவார்கள். ரோட்டில் தினமும் பத்து வண்டியில் எஞ்சின் போகும். அதில் பதினோராவதாக ஒன்று திருட்டு எஞ்சின் என்று யாருக்குத் தோன்றும்? படம் ஆரம்பித்து நாலாவது நிமிடத்திலேயே, பின்னணியில், அப்படி மூன்று வண்டி போவதைக் காட்டியிருக்கிறோம். இதுவரை யாரும் கவனித்ததாகச் சொல்லவில்லை.

"எங்க லிமிட் இல்ல" என்று ஸ்டேஷனில் புகாரைத் தட்டிக்கழிப்பதாகக் காட்டியிருக்கிறீர்களே, இப்போது அப்படிச் சொல்ல முடியுமா?

முடியாது, நாங்கள் அப்படிக் காட்டவும் இல்லை. நன்றாகப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். ஜீரோ எஃப்ஐஆர் என்பது இதுதான். பதிவு செய்து, எல்லைக்குரிய ஸ்டேஷனுக்கு மாற்றிவிடுவார்கள். தகவலை மின்னணு முறையில் அனுப்பினால், கொடுத்தவர் 3 நாளுக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் பிரதியில் இன்ஸ்பெக்டர் "லிமிட் இல்ல" என்று கத்துவதாகத்தான் எழுதியிருந்தேன். தெரிந்த வக்கீல் ஒருவர் படித்துவிட்டுச் சிரித்தார், ஜோக்குக்கு அல்ல. மாற்றி எழுதியதில் காட்சி நன்றாகவே ஆனது. இப்போதைய இன்ஸ்பெக்டர் சட்டம் தெரிந்தவர், தங்கமானவர். உட்காரச் சொல்கிறார், மோர் கொடுக்கிறார், புகாரை முறையாகப் பதிவு செய்கிறார், முறையாக மாற்றிவிடுகிறார். காகிதம் முறையாகப் பயணம் செய்துகொண்டே இருக்கிறது. ஆயா மோரைக் குடித்துவிட்டுக் கேட்பார்: "எல்லாஞ் சரி சார், எஞ்சினு?"

இருவரும் எந்தக் காட்சியில் நண்பர்கள் ஆகிறார்கள்? அப்படி ஒரு காட்சியே வரவில்லையே?

வராது. இந்தப் படத்தில் 'நண்பன்', 'நட்பு', 'ஃப்ரெண்ட்' என்ற வார்த்தைகள் ஒரு இடத்திலும் இல்லை. எழுத உட்காரும்போதே தடை போட்டுக்கொண்டேன். மழையில் நனைந்தபடி இருவரும் தங்கள் சோகத்தைச் சொல்லி அழுவதும் இல்லை. ஃபிளாஷ்பேக் கேட்டு சிநேகம் வந்த இரண்டு பேரை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. கூட வேலை செய்து வருவதுதான்: ஒருவர் பிடிக்க, இன்னொருவர் தூக்க.

அதைக் காட்ட எங்களிடம் இருந்தது தமிழ்தான். ஆரம்பத்தில் ஆயாவுக்கு ஏட்டு "சார்", ஏட்டுக்கு அந்தம்மா "ஏம்மா". எல்லையில் நடக்கும் முதல் சண்டைக்குப் பிறகு ஆயா "ஏட்டு" என்பார், அய்யா இல்லாமல். கால்மணி நேரம் கழித்து "தம்பி". ஏட்டு அதற்கு மேலேதான் "ஆயா" என்று வாய் திறப்பார். இந்தப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்பதுதான் வழக்கம், வெளியூர்க்காரர்கள் சிலர் வேலைக்காரம்மா என்று புரிந்துகொண்டு வருத்தப்பட்டார்கள். 'வாங்க', 'வா' ஆகிறது. 'நீங்க', 'நீ' ஆகிறது. கடைசிச் சண்டையில் அடிவாங்கி விழுந்துகிடக்கும் ஏட்டைப் பார்த்து ஆயா "டேய், எழுந்திர்ரா" என்பார். நீங்கள் கேட்ட காட்சி அதுதான். ஏட்டு எழுந்திருக்கும்போது கொஞ்சம் சிரித்த மாதிரி இருக்கும், வலியிலும் இருக்கலாம்.

சப்டைட்டில் போட்டவர் இந்த இடங்களில் எல்லாம் தலையில் கைவைத்துக்கொண்டார். சார், ஏட்டு, தம்பி, டேய் நாலுக்கும் அங்கே என்ன போடுவது?

ஆயாவுக்குத் துப்பறியத் தெரியும் என்பதை நம்ப முடியவில்லை. இது கொஞ்சம் அதிகமாக இல்லையா?

நாற்பது வருஷம் மீன் விற்ற ஒருவரிடம் பழைய மீனைக் கொடுத்து "இன்னைக்குப் புடிச்சது" என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். கண் கலங்கியிருக்கிறதா, செவுள் சிவப்பா பழுப்பா, கட்டைவிரலால் அழுத்தினால் குழி எழும்புகிறதா அப்படியே நிற்கிறதா என்று மூன்று வினாடியில் தீர்ப்பு வந்துவிடும். சந்தேகத்துக்குரிய ஆள் "விடிகாலையில ஹார்பர்லதான் இருந்தேன், இதோ வாங்கின வஞ்சிரம்" என்கிறான். ஆயா மீனை அழுத்துகிறார். குழி நிற்கிறது. ஐஸில் மூன்று நாள் கிடந்த மீன். ஆக, இவன் விடிகாலையில் ஹார்பரில் இல்லை.

அந்தக் காட்சியில் பார்க்கிறவர்கள் கண் ஏட்டின் மேல்தான் இருக்கும். செவுளைத் திறந்ததும் அவருக்குக் குமட்டல் வந்து, கைக்குட்டை தேடி, கிடைக்காமல், தொப்பியால் மூக்கைப் பொத்துவார். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது குழி விழுந்த மீன் ஃபிரேமின் ஓரத்தில் கிடக்கும். துப்பை ஒளிக்கச் சிரிப்பைவிட நல்ல இடம் இல்லை. சோகக் காட்சியில் வைத்தால் ஆட்கள் கூர்ந்து பார்த்துவிடுகிறார்கள். நகைச்சுவைக்காக வந்த மாதிரி வருகிற பொருள் ஒவ்வொன்றும் பிறகு வேலைக்கு வரவேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன்: அன்னக்கூடை, தார்ப்பாய்க் கயிறு, சாவடித் தடுப்பு, பெட்ரோல் மூடி. மோர் டம்ளர் மட்டும் வேலைக்கு வரவில்லை. அது என் தோல்வி.

சண்டைகளை எப்படி எடுத்தீர்கள்? ஃபைட் மாஸ்டர் உண்டா?

எங்களில் ஒருவர் சென்னையில் ஃபைட்டராக ஆறு வருஷம் வேலை செய்தவர். கம்போஸ் பண்ணியது அவர்தான்.

சாதாரண சண்டைக்கும் சிரிப்புச் சண்டைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். மாஸ் சண்டையில் கேமரா கிட்டே போகும், கட் வேகமாக விழும், அடி யாருக்கு எங்கே விழுந்தது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சத்தம் பார்த்துக்கொள்ளும். சிரிப்புச் சண்டையில் அது நடக்காது. கேமரா தள்ளி நிற்க வேண்டும், தலை முதல் கால் வரை தெரிய வேண்டும், ஷாட் நீளமாக ஓட வேண்டும். கை பானையைத் தட்டியது, பானை உருண்டது, உருண்ட பானை காலுக்குள் வந்தது என்று காரணமும் விளைவும் ஒரே ஃபிரேமில் கண்ணுக்குத் தெரிந்தால்தான் சிரிப்பு வரும். ஜாக்கி சான் படங்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் இது விளங்கும். அங்கே நாயகனுக்கும் வலிக்கும். அடித்த பிறகு கையை உதறுவார். எங்கள் ஏட்டும் உதறுவார்.

குத்து முகத்தில் படாது. ஒருவர் தோளுக்குப் பின்னால் கேமரா நின்றால், முகத்துக்கு ஒரு அடி முன்னால் கை போனாலே பட்ட மாதிரித் தெரியும். மீதியை வாங்குகிறவர் கொடுக்கிற ரியாக்‌ஷன் பார்த்துக்கொள்ளும். வேகத்துக்காகச் சில ஷாட்டுகளை 24 ஃபிரேமுக்குப் பதில் 22இல் எடுத்தோம். திரையில் ஓடும்போது ஒரு துளி விறுவிறுப்பு கூடும். 20க்குக் கீழே போனால் பழைய ஊமைப்படம் மாதிரி ஆகிவிடுகிறது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆயாவாக நடித்தவருக்கு வயது 63. அவரை எதற்கும் தூக்கவோ தள்ளவோ இல்லை. ஆயாவின் சண்டை முழுக்க உட்கார்ந்த இடத்தில்: அன்னக்கூடையை நகர்த்துவார், ஐஸ் தண்ணீரைக் கொட்டுவார், கயிற்றை அவிழ்த்துவிடுவார். விழுகிறவர்கள் எல்லாம் ஃபைட்டர்கள், மேட் மேலேதான்.

கண்ணாடி உடைகிற ஷாட் ஏன் அவ்வளவு சுமாராக இருக்கிறது?

மன்னியுங்கள். சர்க்கரைப் பாகு காய்ச்சிக் கண்ணாடி செய்தோம். உடைந்தால் வெட்டாது, பழைய காலத்து முறை. வீட்டில் செய்து பார்த்தபோது அழகாக வந்தது. முதல் நாள் ராத்திரியே நாலு பலகை செய்து லொக்கேஷனில் வைத்துவிட்டு வந்தோம். கடற்கரை ஈரக்காற்றைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. காலையில் போனால் மூன்று பலகை கொழகொழவென்று வளைந்து கிடந்தது, ஒன்றில் எறும்பு. மிஞ்சியதை வைத்து எடுத்த ஒரே டேக் அது. உடைவதற்குப் பதில் பிய்கிறது. பிசினில் செய்ததைக் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம்.

பலாப்பழச் சண்டை எங்கே எடுத்தது? பழம் நிஜமா?

பண்ருட்டிப் பக்கம், ஒரு மண்டியில். இடம் கொடுத்தவர் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலா வரத்தும் தடைக்காலமும் ஒரே மாதங்களில் வருவது எங்கள் அதிர்ஷ்டம். கதைக்குள் பழம் தானாக வந்துவிட்டது.

எறிகிற, தலையில் விழுகிற பழங்கள் தெர்மாகோலும் ஸ்பாஞ்சும். நிஜப்பழம் பதினைந்து இருபது கிலோ இருக்கும், மேலே முள் வேறு. விளையாட்டுக்குக்கூடத் தூக்கிப்போட முடியாது. பின்னால் அடுக்கியிருப்பதும் அறுப்பதும் நிஜம். சண்டையின் கருவே பால்தான். பலா அறுக்கிறவர்கள் கையில் எண்ணெய் தடவிக்கொள்வார்கள், இல்லையென்றால் பால் ஒட்டிக்கொண்டு விடாது. ஏட்டுக்கு அது தெரியாது, அடியாட்களுக்கும் தெரியாது, ஆயாவுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அடிக்கிற கை அடிபட்ட சட்டையோடு ஒட்டிக்கொள்ள, நாலு பேரும் ஒரே உருண்டையாகிவிடுவார்கள். ஆயா மட்டும் எண்ணெய்க் கையோடு நடுவில் புகுந்து சாவியை எடுத்துக்கொண்டு போவார்.

ஒட்டவைக்க நிஜப் பாலைக் கொஞ்சம் பயன்படுத்தியது தவறு. ஒரு ஃபைட்டரின் மீசையில் பாதியை மண்ணெண்ணெயால்கூடக் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த காட்சியில் அவர் மீசை இல்லாமல் வருவதைக் கண்டுபிடித்து எழுதியவர்களுக்கு இதுவே பதில்.

புதுச்சேரி என்று சொல்லிவிட்டு பீச் ரோடு, மஞ்சள் சுவர், காகிதப்பூ எதுவுமே இல்லையே?

அவற்றை நிறையப் பேர் எடுத்துவிட்டார்கள். 'லைஃப் ஆஃப் பை' தொடங்கி 'நானும் ரௌடிதான்' வரை ஊருக்கு வந்துபோன கேமராக்கள் கணக்கில்லை. ஏட்டு மாதிரி ஒருவர் ஒயிட் டவுனில் குடியிருக்கமாட்டார். முருங்கப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருப்பார், பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் சந்தையில் காய்கறி வாங்குவார், ஞாயிறானால் காந்தி வீதிச் சந்தையில் செருப்பு பேரம் பேசுவார். ஒரே ஒரு பீச் ரோடு காட்சி உண்டு. மாலை 6 மணிக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள் என்பதால் துரத்தல் நின்று, எல்லாரும் நடந்து துரத்துவார்கள். நடைப்பயிற்சி போகிறவர்கள் இவர்களை முந்திக்கொண்டு போவார்கள். பழைய துறைமுகப் பாலத்தில் கடைசிக் காட்சியை வைக்க வேண்டும் என்பது என் பல வருஷ ஆசை. 2022 மார்ச்சில் அது இடிந்து கடலுக்குள் போய்விட்டது.

ஒரு சொல்தா தாத்தா மட்டும் வருகிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். கோபம் வந்தால் பிரெஞ்சில் திட்டுவார், பசி வந்தால் தமிழில் கேட்பார்.

அந்தச் சிவப்புத் தொப்பி காமெடிக்காகப் போட்டதா?

இல்லை, புதுச்சேரிக் காவலர்களின் தொப்பியே அதுதான். பிரெஞ்சுக்காரர்கள் காலத்து மிச்சம். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது, தொப்பி அங்கேயே நின்றுவிட்டது. தைத்து வாங்க நாலு தடவை அலைந்தோம். படப்பிடிப்பு இல்லாத நேரத்தில் அதைப் பையில் பூட்டித்தான் வைத்திருந்தோம், போலீஸ் வேஷத்தில் தெருவில் திரிந்தால் வம்பு.

எல்லை என்றாலே சரக்குக் கடத்தல்தானே, அதை ஏன் விட்டீர்கள்?

புதுச்சேரி பாட்டிலைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்தால் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தில் கேஸ். அதை வைத்து நூறு ஜோக் இருக்கிறது, எங்களுக்கும் தெரியும். மரக்காணத்தில் 2023லும் கள்ளக்குறிச்சியில் 2024லும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து ஆட்கள் செத்தார்கள். எங்கள் குழுவிலேயே ஒருவர் அந்தச் சாவு வீடுகளில் ஒன்றுக்குப் போய்வந்தவர். அப்புறம் கை வரவில்லை.

தியேட்டரில் வருமா? சென்சார் ஆனதா?

இணையத்தில் வெளியிடுவதாக இருந்தால் தணிக்கை தேவையில்லை, தியேட்டரில் ஓட்டினால் தேவை. இன்னும் முடிவு செய்யவில்லை. 2024 விதிகளுக்குப் பிறகு யுஏ (பெரியவர் வழிகாட்டலோடு சிறுவர்கள் பார்க்கலாம் என்ற சான்றிதழ்) என்பதே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. எங்களுக்கு 7 கிடைக்கும் என்பது என் ஊகம். ஆடு வரும் ஒரு காட்சியை முன்னமே தூக்கிவிட்டோம். விலங்கை நடிக்கவைக்க விலங்குகள் நல வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், எங்கள் அட்டவணைக்கு அது ஒத்துவரவில்லை. தெருநாய் ஒன்று தானாகக் குறுக்கே வந்த டேக்கையும் அதற்காகவே விட்டோம். நாய் நன்றாக நடித்திருந்தது.

பாட்டு? காதல்?

இல்லை. இல்லை.

அவ்வளவு மீனை என்ன செய்தீர்கள்?

காலையில் ஷூட்டிங், மதியம் குழம்பு. சமைத்தது ஆயாவாக நடித்தவரே. ஐஸில் கிடந்த அந்த வஞ்சிரத்தை மட்டும் அவர் தொடவே விடவில்லை. ஏட்டாக நடித்தவர் நிஜத்தில் பயங்கரமான மீன் பிரியர். குமட்டல் காட்சிக்கு 14 டேக் ஆனதற்கு அதுதான் காரணம். ஒவ்வொரு தடவை செவுளைத் திறந்ததும் மனிதர் விலை கேட்டுவிட்டார்.